டேக்ஆஃப் ஆனதும் எஞ்சினில் கோளாறு என்று சந்தேகமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் இரட்டை எஞ்சின் ஜெட் விமானங்களைப் பற்றியது. இந்திய வானில் அதிகம் பறக்கும் ஏர்பஸ் ஏ320 குடும்பத்தை வைத்தே விளக்குகிறோம். போயிங் 737 வேறுபடும் இடங்களில் அதையும் சொல்கிறோம். விமானிப் பயிற்சியில் இருப்பவர்களும், ஜன்னலோர இருக்கையில் இறக்கையையே பார்த்துக்கொண்டு வரும் பயணிகளும் கேட்கும் கேள்விகள்தான் இவை. விமானத்தை இயக்குபவர்களுக்கு அவரவர் நிறுவனத்தின் கையேடே இறுதி வார்த்தை.

தரையை விட்டுக் கிளம்பிய உடனே ஓர் எஞ்சின் நின்றால் விமானம் விழுந்துவிடுமா?

விழாது. மிச்சமுள்ள ஓர் எஞ்சினை மட்டும் வைத்து மேலே ஏற முடியும் என்று நிரூபிக்காத விமானத்துக்குப் பயணிகளை ஏற்றும் சான்றிதழே கிடைக்காது. இரட்டை எஞ்சின் விமானம் சக்கரங்களை உள்ளே இழுத்த பிறகு, ஓர் எஞ்சினில் குறைந்தது 2.4 சதவீதச் சரிவில் ஏற வேண்டும் என்பது விதி. அதாவது 100 மீட்டர் முன்னே போனால் 2.4 மீட்டர் உயரம்.

இது எவ்வளவு மெதுவானது என்று கணக்குப் போட்டால் புரியும். 145 நாட் வேகத்தில் (ஒரு நாட் என்பது மணிக்கு ஏறக்குறைய 1.85 கிலோமீட்டர்) 2.4 சதவீதம் என்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 350 அடிதான். இரண்டு எஞ்சினும் ஓடும்போது அதே விமானம் நிமிடத்துக்கு 2,000 அடிக்கு மேல் ஏறும். எஞ்சினில் பாதி போனால் ஏறும் திறனில் பாதிக்கும் மேல் போய்விடும், ஏனென்றால் பறந்துகொண்டிருப்பதற்கே ஒரு பெரும் பங்கு உந்துவிசை செலவாகிறது. விமானம் பறக்கும், ஆனால் தாராளமாகப் பறக்காது. கீழே சொல்லும் எல்லாமே இந்த ஒரு உண்மையிலிருந்து வருகிறது.

வி1 வேகம் தாண்டிவிட்டால் ஏன் நிறுத்தக்கூடாது? முன்னால் இன்னும் ரன்வே தெரிகிறதே?

வி1 என்பது நிறுத்துவதற்கான முதல் செயல் தொடங்கிவிட்டிருக்க வேண்டிய கடைசி வேகம். அந்த வேகத்தில் யோசிக்க ஆரம்பிப்பதற்கு இடமில்லை. அன்றைய எடை, வெப்பம், காற்று, ரன்வேயின் நீளம், ஈரம் எல்லாவற்றையும் போட்டு ஒவ்வொரு புறப்பாட்டுக்கும் இதைத் தனியாகக் கணக்கிடுகிறார்கள். வி1-க்குப் பிறகு பிரேக் பிடித்தால் ரன்வே முடிவதற்குள் நிற்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. ஓர் எஞ்சினோடு பறந்தால் காய்ந்த ரன்வேயின் முனையில் 35 அடி உயரத்தில் இருக்கும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. கணக்கு இருக்கும் பக்கம் போகிறார்கள். அதனால்தான் வி1 என்று குரல் கேட்டதும் கேப்டன் த்ரஸ்ட் லீவரிலிருந்து கையையே எடுத்துவிடுகிறார்.

வி1-க்கு முன்பும் எல்லாக் கோளாறுக்கும் நிறுத்துவதில்லை. ஏர்பஸ்ஸில் 100 நாட், போயிங்கில் 80 நாட் தாண்டிய பிறகு தீ, எஞ்சின் செயலிழப்பு, விமானம் பறக்காது என்ற உறுதியான சந்தேகம் போன்ற மிகச் சில காரணங்களுக்கே நிறுத்துவார்கள். நிறை எடையில், அதிவேகத்தில் பிடிக்கும் பிரேக் தணலாய்ப் பழுக்கும். டயர்களில் உள்ள பாதுகாப்பு அடைப்பான்கள் உருகிக் காற்று இறங்கும்.

எஞ்சினில் ஏதோ ஆகிவிட்டது என்று விமானிக்கு முதலில் எப்படித் தெரியும்?

பெரும்பாலும் கால் வழியாகத்தான். இடது எஞ்சின் உந்துவிசை குறைந்தால் மூக்கு இடதுபக்கம் இழுக்கும். நேராக வைக்க வலது ரட்டர் (வாலில் மூக்கைத் திருப்பும் தகடு) பெடலை மிதித்தாக வேண்டும். சும்மா இருக்கும் கால் எந்தப் பக்கமோ, கோளாறான எஞ்சினும் அந்தப் பக்கம் என்று பயிற்சியில் சொல்லிக் கொடுப்பார்கள். நல்ல அடையாளம்தான். ஆனால் அதை மட்டும் வைத்து எதையும் அணைக்கக்கூடாது.

அடுத்தது சத்தம். பீரங்கி வெடித்ததுபோல ஒன்றோ, தொடர்ச்சியாகப் பலவோ கேட்டால் அது பெரும்பாலும் சர்ஜ்: கம்ப்ரஸரில் காற்றோட்டம் குலைந்து முன்னோக்கித் திரும்புவது. அப்போது எஞ்சினின் முன்னும் பின்னும் தீ நாக்கு நீளும். பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் இது எஞ்சின் தீ அல்ல. உள்ளே எரிய வேண்டியது வெளியே எரிகிறது, அவ்வளவே. டயர் வெடித்தாலும் ஏறக்குறைய இதே சத்தம் வரும். சத்தத்தை வைத்து முடிவெடுத்த பலர் தவறியிருக்கிறார்கள்.

முள் சொல்வதைப் படிக்க வேண்டும். சர்ஜ் ஆனால் ஈஜிடி எனும் வெளியேறும் வாயுவின் வெப்பம் ஏறும், என்1 எனும் விசிறிச் சுழற்சி தள்ளாடும் அல்லது குறையும். எஞ்சின் அணைந்துபோயிருந்தால் என்1, என்2 எனும் உள்பகுதிச் சுழற்சி, எரிபொருள் ஓட்டம், ஈஜிடி நான்கும் சேர்ந்து இறங்கும். உள்ளே உடைந்து இறுகிவிட்டால் சுழற்சி சடாரென்று பூஜ்யத்துக்கு வரும், அல்லது அதிர்வு எகிறும். உண்மையான தீயில் விசித்திரம் என்னவென்றால், எச்சரிக்கை மணி அடிக்கும், சிவப்பு விளக்கு எரியும், ஆனால் எஞ்சினின் எண்கள் எல்லாம் இயல்பாகவே இருக்கலாம். தீ எஞ்சினுக்குள் இல்லை; எஞ்சினுக்கும் வெளி உறைக்கும் நடுவே, எரிபொருளோ எண்ணெயோ கசிந்த இடத்தில் இருக்கிறது.

பறவை உள்ளே போயிருந்தால் கேபினில் கருகிய இறைச்சி வாடை அடிக்கும்.

முதல் அரை நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும்?

விமானத்தைப் பறக்கவிட வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

ஏ320-இல் இது இப்படி நடக்கும். ரட்டரால் ரன்வே நடுக்கோட்டைப் பிடித்துக்கொண்டு, மூக்கை நிதானமாக 12.5 டிகிரிக்கு உயர்த்தி, பிறகு திரையில் வரும் வழிகாட்டிக் கோட்டைப் பின்பற்றுவார்கள். உயரம் ஏறுவது உறுதியானதும் சக்கரங்கள் உள்ளே. எஞ்சின் போனதைக் கணினி உணர்ந்தால் திரையின் மேலே உள்ள சறுக்கல் குறி நீல நிறமாக மாறும். அதை நடுவுக்குக் கொண்டுவரும் அளவுக்கு ரட்டரை மிதித்து, அதை அங்கேயே நிறுத்தி வைக்கும் டிரிம் போட்டு, காலின் சுமையைக் குறைக்க வேண்டும். ரட்டர் போதாமல் கைப்பிடியால் சமாளித்தால் இறக்கையின் மேல் உள்ள ஸ்பாய்லர் தகடுகள் எழும்பி, ஏற்கெனவே குறைவாக இருக்கும் ஏறுதிறனைத் தின்றுவிடும். வேகம் வி2-க்கு, அதாவது ஓர் எஞ்சினில் பாதுகாப்பாக ஏறத் தேவையான குறைந்தபட்ச வேகத்துக்கு, கீழே போகவே கூடாது.

குறைத்த உந்துவிசையில் புறப்பட்டிருந்தாலும் ஓர் எஞ்சின் கணக்கு அந்தக் குறைந்த அளவை வைத்தே போடப்பட்டிருக்கிறது. ஆகவே லீவரை முழுதாகத் தள்ளுவது கட்டாயமில்லை, வேண்டுமானால் தள்ளலாம். முழு உந்துவிசைக்கு, ஓர் எஞ்சின் போன நிலையில், 10 நிமிட வரம்பு உண்டு.

தன்னியக்கம் (ஆட்டோபைலட்) போட முடிந்ததும் போட்டுவிடுவது நல்லது. யோசிக்க ஒரு மூளை கூடுதலாகக் கிடைக்கிறது.

400 அடி வரை எதையும் தொடாதே என்கிறார்களே. தீ எரியும்போதுமா?

ஆம், தீ எரியும்போதும். எச்சரிக்கை மணியை நிறுத்தலாம், அவ்வளவுதான்.

எஞ்சின் இறக்கைக்குக் கீழே, தனித் தூணில் தொங்குகிறது. தீப்பிடிக்கக்கூடிய பகுதியைச் சுற்றியுள்ள தீத்தடுப்புச் சுவர்கள் சுமார் 1,100 டிகிரி செல்சியஸ் தழலை 15 நிமிடம் தாங்க வேண்டும் என்பது சான்றிதழ் நிபந்தனை. 400 அடி ஏற ஒரு நிமிடம் ஆகட்டும். அந்த ஒரு நிமிடத்தில் எஞ்சின் தீ விமானத்தை வீழ்த்துவதைவிட, 100 அடியில் ஒருவர் குனிந்து சுவிட்ச் தேடுவதும் மற்றவர் அதைப் பார்ப்பதும் வீழ்த்துவதற்கே வாய்ப்பு அதிகம். எரிந்துகொண்டே உந்துவிசை தரும் எஞ்சினும் அந்த நேரத்தில் உதவிதான்.

எந்த எஞ்சின் என்று எப்படி உறுதிசெய்வது? இதில் போய்த் தவறு நேருமா?

நேரும். நேர்ந்திருக்கிறது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வியைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

1989 ஜனவரி 8. லண்டன் ஹீத்ரோவிலிருந்து பெல்ஃபாஸ்ட் கிளம்பிய போயிங் 737-400. புறப்பட்டு 13 நிமிடத்தில், 28,300 அடியைக் கடக்கும்போது, இடது எஞ்சினின் விசிறி இதழ் ஒன்றின் வெளிப்பகுதி உடைந்தது. கடும் அதிர்வு, காக்பிட்டில் புகை வாடை. விமானிகள் வலது எஞ்சினின் உந்துவிசையைக் குறைத்தார்கள். அந்தக் கணத்தில் தன்னியக்க த்ரஸ்ட் துண்டிக்கப்பட்டதால் இடது எஞ்சின் தானாகவே சற்றுத் தணிந்தது. அதன் சர்ஜும் நின்றது. பார்த்தவர்களுக்கு வலதைக் குறைத்ததால்தான் சரியாயிற்று என்று தோன்றியது. நல்ல எஞ்சினை அணைத்துவிட்டார்கள். அதிர்வைக் காட்டும் முள் அந்த விமானத்தில் மிகச் சின்னது. பழைய விமானங்களில் அதை யாரும் நம்பியதும் இல்லை. நடுவில் கேப்டன் நடந்ததை மறுபடி சரிபார்க்க ஆரம்பித்தார். ரேடியோ அழைப்பு வந்து அது அறுந்துபோனது. ஈஸ்ட் மிட்லண்ட்ஸில் இறங்கும்போது, ரன்வேக்குச் சில கிலோமீட்டர் முன்பு, உடைந்த இடது எஞ்சினும் போனது. கெக்வொர்த் ஊருக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலைக் கரையில் மோதி 126 பேரில் 47 பேர் இறந்தார்கள்.

2015 பிப்ரவரி 4. தைபேயின் சோங்ஷான் நிலையத்திலிருந்து ஏறிய ஏடிஆர் 72-600. ஏறக்குறைய 1,200 அடியில் வலது எஞ்சினின் புரொப்பெல்லர் மின்னணுக் கோளாறால் தானாகவே செயலற்ற நிலைக்குப் போனது. ஓட்டிய விமானி சில நொடிகளிலேயே இடது லீவரைப் பின்னே இழுத்தார். பிறகு அந்த நல்ல எஞ்சின் அணைக்கவும் பட்டது. எச்சரிக்கை வந்து 2 நிமிடத்துக்குள் விமானம் ஆற்றில் விழுந்தது. 58 பேரில் 43 பேர் இறந்தார்கள்.

இரண்டிலும் விமானம் ஓர் எஞ்சினில் பறந்திருக்கும். அதைத் தடுத்தது வேகமான கை.

இதற்கு மருந்தாகக் காக்பிட்டில் உள்ள முறை எளிது, ஆனால் ஒவ்வொரு அசைவும் கணக்கு. இடது எஞ்சினில் கோளாறு என்றால், ஒரு விமானி இடது த்ரஸ்ட் லீவர்மேல் விரலை வைக்கிறார், இழுக்கவில்லை. “நம்பர் ஒன் த்ரஸ்ட் லீவர், உறுதிசெய்யுங்கள்” என்கிறார். மற்ற விமானி திரும்பி, அந்த விரலையும் எஞ்சின் திரையையும் இரண்டையும் பார்த்து, “உறுதி” என்ற பிறகே லீவர் மெதுவாகப் பின்னே வருகிறது. வந்ததும் இருவரும் ஒரு கணம் நிறுத்திப் பார்க்கிறார்கள்: விமானம் திரும்பினதா, எண்கள் எதிர்பார்த்தபடி மாறினவா? பிறகுதான் எரிபொருளை வெட்டும் மாஸ்டர் சுவிட்ச். அதற்கும் இதே விரல், இதே கேள்வி, இதே பதில். தீ பட்டனுக்கும் அப்படியே. வாய் சொல்வதோடு கண் பார்க்காவிட்டால் இந்த முறையால் பயனில்லை. சிமுலேட்டரில் “உறுதி” என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டுத் திரையையே பார்க்காதவர்கள் நிறைய.

தீ என்றால் ஏ320-இல் வரிசை என்ன?

லீவர் ஐடில் (மிகக் குறைந்த உந்துவிசை நிலை), மாஸ்டர் சுவிட்ச் ஆஃப், தீ பட்டனை அழுத்துவது. இந்தப் பட்டன் ஒரே அழுத்தில் பல வேலை செய்யும்: எரிபொருள் வால்வு, ஹைட்ராலிக் வால்வு, எஞ்சினிலிருந்து வரும் சூடான காற்றின் வால்வு மூன்றையும் மூடும், ஜெனரேட்டரைத் துண்டிக்கும், தீயணைப்புக் குப்பிகளைத் தயார் நிலைக்குக் கொண்டுவரும். தீயணைப்பு வாயுவை மட்டும் விடாது.

அடுத்து 10 நொடி காத்திருக்க வேண்டும். திரையிலேயே எண்ணிக்கை இறங்கும். விசிறி வேகம் குறைந்தால் உறைக்குள் பாயும் காற்றும் குறையும். வாயு அடித்துக்கொண்டு போகாமல் உள்ளே தங்கி வேலை செய்யும். அவசரப்பட்டு முன்பே விட்டால் ஒரு குப்பி வீண். 10 நொடிக்குப் பின் முதல் குப்பி. அதன்பின் 30 நொடி கழித்தும் சிவப்பு விளக்கு எரிந்தால் இரண்டாவது. ஏ320-இல் ஒவ்வோர் எஞ்சினுக்கும் இரண்டு குப்பிகள். 737-இல் மொத்தமே இரண்டு, இரு எஞ்சினுக்கும் பொது. அங்கே பட்டனுக்குப் பதில் இழுத்துத் திருப்பும் கைப்பிடி.

சர்ஜ் மட்டும் என்றால் அணைக்க வேண்டுமா?

பாதுகாப்பான உயரத்தில், உறுதிசெய்த பிறகு, லீவரைக் குறைத்துப் பாருங்கள். சத்தம் நின்று எண்கள் சீரானால், குறைந்த உந்துவிசையில் அந்த எஞ்சினை ஓடவிடலாம். கொஞ்சம் உந்துவிசை தரும் எஞ்சின், ஜெனரேட்டரையும் ஹைட்ராலிக் பம்பையும் ஓட்டுகிறது. அதிர்வோ வெப்பமோ வரம்பு மீறி நின்றால் மட்டுமே அணைக்க வேண்டும்.

அணைந்த எஞ்சினை மறுபடி கிளப்பிப் பார்க்கலாமா?

சேதத்துக்கு அறிகுறி எதுவும் இல்லாவிட்டால், உயரமும் நேரமும் இருந்தால். பெருஞ்சத்தம், அதிர்வு, இறுகிய சுழற்சி, தீ இவற்றில் ஒன்று இருந்திருந்தாலும் வேண்டாம்.

எந்தப் பக்கம் போவது? நேராகவா, திரும்பியா?

அது புறப்படும் முன்பே முடிவான விஷயம். வழக்கமான புறப்பாட்டுப் பாதை இரண்டு எஞ்சின் ஏறுதிறனை நம்பி வரையப்பட்டிருக்கும். 2.4 சதவீதத்தில் ஏறுகிற விமானத்துக்கு அந்தப் பாதையில் குன்று குறுக்கே நிற்கலாம். சென்னை மீனம்பாக்கத்தையே பாருங்கள்: ஒரு பக்கம் பரங்கிமலை, ஒரு பக்கம் பல்லாவரம் குன்றுகள். அதனால் நிறுவனங்கள் ஒவ்வொரு ரன்வேக்கும் ஓர் எஞ்சின் நிலைமைக்கான பாதையைத் தனியே ஆராய்ந்து வைத்திருக்கும். பல இடங்களில் நேராகப் போனாலே போதும், சில இடங்களில் திரும்பும் புள்ளி உண்டு. ரன்வேக்கு வரும் முன் நடக்கும் பேச்சில் இதை வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும்.

கோளாறான எஞ்சினை அணைத்துப் பாதுகாப்பாக்கிய பிறகு, பொதுவாக 1,000 முதல் 1,500 அடியில், ஏறுவதை நிறுத்தி வேகம் கூட்டி ஃபிளாப்பை (குறைந்த வேகத்தில் பறக்க இறக்கையில் நீட்டியிருக்கும் தகடுகள்) உள்ளே இழுப்பார்கள். மீதிச் செக்லிஸ்ட் அதன்பிறகுதான்.

கட்டுப்பாட்டு அறைக்கு எப்போது சொல்வது?

விமானம் கையில் நிலையாக வந்த பிறகு. “மேடே” மூன்று முறை, விமானத்தின் அழைப்புப் பெயர், எஞ்சின் செயலிழப்பு, எந்தத் திசையில் போகிறோம், காத்திருங்கள். இவ்வளவு போதும். ரேடாருக்குத் தகவல் அனுப்பும் டிரான்ஸ்பாண்டரில் 7700 எனும் அவசரக் குறியீடு. எத்தனை பேர், எவ்வளவு எரிபொருள் என்று கேட்பார்கள். அதற்குப் பிறகு பதில் சொல்லலாம். எஞ்சின் போனதற்கு மேடேயை விடக் குறைந்த அவசர அழைப்பான “பான் பான்” போதுமா என்று தயங்க வேண்டாம். மேடே சொல்லிவிட்டுத் தேவையில்லாவிட்டால் தளர்த்திக்கொள்ளலாம்.

உடனே திரும்பி இறங்குவதா, எரிபொருளைத் தீர்த்துவிட்டா?

தீ அணையவில்லை என்றால் கேள்வியே இல்லை, உடனே. அணைந்துவிட்டால், அல்லது தீயே இல்லை என்றால், நேரம் எடுத்துக்கொள்ளலாம்.

ஏ320, 737 போன்றவற்றில் பறக்கும்போது எரிபொருளை வெளியே கொட்டும் வசதி கிடையாது. ஏ320 சுமார் 78 டன்னோடு கிளம்பலாம், ஆனால் வழக்கமாக இறங்கும் உச்ச எடை 66 டன்னை ஒட்டியது. 2024 அக்டோபர் 11 அன்று திருச்சியிலிருந்து ஷார்ஜா கிளம்பிய 737 ஹைட்ராலிக் கோளாறால் இரண்டரை மணி நேரம் வட்டமடித்ததைத் தமிழ்நாடே தொலைக்காட்சியில் பார்த்தது; எரிபொருளை எரித்து எடையைக் குறைக்கத்தான் அந்த வட்டம். அவசரம் என்றால் கூடுதல் எடையோடும் இறங்கலாம். சக்கரக் கட்டமைப்பு உச்சப் புறப்பாட்டு எடையில் நிமிடத்துக்கு 360 அடி இறங்கு வேகத்தைத் தாங்கும்படி வடிவமைக்கப்பட்டது. மெதுவாகத் தரையைத் தொட்டு, பிறகு பராமரிப்புப் பிரிவிடம் சோதனைக்கு ஒப்படைத்தால் போதும்.

நிதானத்துக்கு உதாரணம் 2010 நவம்பர் 4-இல் சிங்கப்பூர் சாங்கியில் கிளம்பிய குவாண்டாஸ் ஏ380. நான்கு நிமிடத்தில், 7,000 அடி உயரத்தில், இரண்டாம் எஞ்சினின் டர்பைன் தட்டு உடைந்து இறக்கையைத் துளைத்தது. திரையில் வந்த கோளாறுச் செய்திகளைத் தீர்க்கவே ஏறக்குறைய 50 நிமிடம் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகப் பறந்து, அதே ஊரில் இறங்கினார்கள். 469 பேரும் பிழைத்தார்கள்.

இறங்கிய உடனே அவசரச் சறுக்கில் குதிக்க வேண்டுமா?

கேபின் ஊழியர் சொன்னால் மட்டும். ரன்வேயிலேயே நிறுத்தி, தீயணைப்பு வண்டியிலிருந்து எஞ்சினைப் பார்க்கச் சொல்வது வழக்கம். மேலே சொன்ன ஏ380 நின்ற பிறகு சூடான பிரேக் அருகே எரிபொருள் கசிந்தது. முதல் எஞ்சின் மூன்று மணி நேரம் போல அணையவே மறுத்தது. அப்போதும் சறுக்கை விரிக்காமல், நுரை போர்த்திய பிறகு, ஒரு பக்கக் கதவில் ஏணி வைத்துத்தான் எல்லாரையும் இறக்கினார்கள்.

இரண்டு எஞ்சினும் போனால்?

அது வேறு பாடம், வேறு செக்லிஸ்ட். 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் ஏ320 ஒன்று 2,800 அடி உயரத்தில் காட்டு வாத்துகளோடு மோதி இரண்டையும் இழந்தது. இருந்த செக்லிஸ்ட் மிக உயரத்தில் நடப்பதை நினைத்து எழுதப்பட்டது, முடிக்க நேரமில்லை. வரிசைக்குக் காத்திராமல் கேப்டன் வாலில் உள்ள துணை எஞ்சினை முதலிலேயே கிளப்பியதால் மின்சாரம் போகவில்லை. ஹட்ஸன் ஆற்றில் இறங்கி 155 பேரும் பிழைத்தார்கள்.

ஜன்னலில் தீ தெரிகிறது. பயணியாக நான் என்ன செய்ய?

கேபின் ஊழியரிடம் சொல்லுங்கள். விமானிகளுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துச் சும்மா இருக்காதீர்கள். காக்பிட்டிலிருந்து எஞ்சின் கண்ணுக்குத் தெரியாது. 1989-இல் இடது எஞ்சினிலிருந்து தீ வருவதைப் பின்னால் இருந்த பயணிகள் பார்த்தார்கள். வலது எஞ்சினில் கோளாறு, அணைத்துவிட்டோம் என்று கேப்டன் அறிவித்ததையும் கேட்டார்கள். அந்த முரண்பாடு காக்பிட்டுக்குப் போய்ச் சேரவே இல்லை.

சொல்லும்போது மூன்று விஷயம் போதும்: நீங்கள் உட்கார்ந்திருக்கும் வரிசை எண், விமானம் போகும் திசையைப் பார்த்து உட்கார்ந்த நிலையில் உங்கள் இடமா வலமா, தீ தொடர்ந்து எரிகிறதா, விட்டுவிட்டு வருகிறதா. முதலில் கைபேசியில் படம் எடுத்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைக்காதீர்கள். ஊழியர் பெல்ட்டோடு உட்கார்ந்திருந்தால் எழுந்து ஓட வேண்டாம், அழைப்பு மணியை அழுத்திக் குரல் கொடுங்கள்.